ஆறு மணிக்கு நின்ற பந்து

அசோகன் அடித்த பந்து இரண்டு வருடம் கீழே வரவில்லை. ஊரடங்கு மாலை ஆறு மணிக்கு அமலுக்கு வந்தது. பந்து அந்த நேரம் மேலே இருந்தது. அங்கேயே நின்றுவிட்டது. இதில் பந்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மணிக்கு மேல் யாரும் நடமாடக் கூடாது, கூட்டம் சேரக் கூடாது, விளையாட்டு, சுற்றுலா, கச்சேரி, திருவிழா எதுவும் கிடையாது என்று மத்தியானத்திலிருந்தே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிப் போனார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் ஒயின்ஷாப்புக்கு ஓடினார்கள், மீதிப் பேர் ஊருக்குப் போக பஸ் பிடிக்க ஓடினார்கள். அன்று மயிலாப்பூரில் உத்தரவுக்கு நொடி பிசகாமல் கீழ்ப்படிந்தது அந்தப் பச்சை டென்னிஸ் பந்து ஒன்றுதான்.

முண்டகக்கண்ணி அம்மன் கோயில் ஸ்டேஷனைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய் ஓரமாக, பறக்கும் ரயிலின் தூண்களுக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கும் நடுவில் அந்த மைதானம் இருக்கிறது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் குப்பை லாரி நிற்கும், இன்னொரு பக்கம் மாடு கட்டியிருக்கும், நடுவில் மிஞ்சியதில் கிரிக்கெட். அசோகன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். வெளிநாட்டுக்காரர்களைக் கபாலீஸ்வரர் கோயிலில் ஏற்றி மாமல்லபுரத்தில் இறக்குவது அவன் தொழில். வேன் கூரையில் பெட்டி ஏற்றும்போது ஒருமுறை தோள் நழுவியதிலிருந்து பந்தைப் பக்கவாட்டில்தான் எறிவான். பத்து நாளாக ட்ரிப் எல்லாம் கேன்சல் என்பதால் செவ்வாய்க்கிழமையாயிருந்தும் மைதானத்தில் இருந்தான். பந்துக்குக் கீழே கையைக் குவித்து நின்றவன் ரகுபதி, அசோகனின் மச்சான், சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். அவன் கைக்கு வந்த பந்து தரையைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. அம்பயர் ஸ்ரீரங்கன், கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாட வீதியை ஒட்டிய அபார்ட்மென்டில் இருக்கும் மிருதங்க வித்வான். விரலில் பந்து பட்டால் கச்சேரி போச்சு என்பதால் அவர் பேட்டும் பிடிக்க மாட்டார், ஃபீல்டிங்கும் நிற்க மாட்டார். ஆனால் ஆட்டப் பைத்தியம். அவர் கையைத் தூக்கினால் தூக்கியதுதான், யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

மூன்றாவது மாடி ஜன்னலில் துணி எடுத்துக்கொண்டிருந்த தேவானை தன் புருஷன் அசோகன் மட்டையைச் சுழற்றியதைப் பார்த்தாள். பந்து ரயில் பாலத்தின் உயரத்தைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. அந்த நேரம் கான்ஸ்டபிள் சுயம்புலிங்கம் விசில் ஊதிக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோரும் சிதறி ஓடினார்கள். ரகுபதி மட்டும் அண்ணாந்தபடியே பின்னால் நடந்து போனான். லத்தி முழங்காலில் பட்ட பிறகுதான் திரும்பினான். ஓடும்போது சிரித்துக்கொண்டே கத்தினான்: “மாமா, அடிச்சவன்தான் எடுத்தாரணும்!”

அது அந்த மைதானத்தின் சட்டம். பந்து எங்கே விழுந்தாலும் அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். ஒருமுறை கால்வாயில் விழுந்தபோது, அடித்தவன் அந்தக் கறுப்புத் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி எடுத்து வந்து ஒரு மாதம் சொறிந்துகொண்டிருந்தான். நாய் கட்டிய பங்களாவுக்குள் விழுந்தபோதும் அடித்தவன்தான் சுவர் ஏறினான். எடுத்தவன் அங்கிருந்தே வீசி எறிவான். எறிந்த பந்தை யார் பிடித்தாலும் அது கணக்கில் சேராது, ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய பந்து திரும்பி வராமல் புதுப் பந்து எடுக்கவும் கூடாது. ஹெல்மெட்டிலிருந்து வரி வரைக்கும் எல்லாச் சட்டத்தையும் ஏய்க்கத் தெரிந்த ஜனம் இதை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

சித்திரை பிறந்தது, ஊரடங்கை நீட்டித்தார்கள். அந்த வாரம்தான் தேவானை கவனித்தாள். துடைத்துவிட்ட ஈரத் தரையில் அசோகன் நடந்து போனால் கால் தடம் விழவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் அது முனகவில்லை. அவனுக்கு உடம்பு இளைத்துப்போகிறது என்று முதலில் நினைத்தாள். யாருக்குத்தான் அப்போது இளைக்கவில்லை. தரமணியில் அவள் கூட்டிப் பெருக்கிய கம்ப்யூட்டர் ஆபீஸை மூடி, ஆபீஸையே அவரவர் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள்; இவள் துடைப்பத்தை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு காலையில் விழித்துப் பார்த்தபோது புருஷன் பாய்க்கு ஒரு சாண் மேலே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். கையை அவனுக்கும் பாய்க்கும் நடுவே விட்டுப் பார்த்தாள். பாய் சில்லென்று இருந்தது. கத்தவில்லை, முதலில் போய்க் கதவைத் தாழ் போட்டாள். அந்த நாட்களில் ஒரு வீட்டில் யாராவது ரெண்டு தடவை தும்மினாலே வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். மிதப்பது தெரிந்தால் என்ன அடிப்பார்களோ.

“இன்னாய்யா ஆவுது உனுக்கு?” என்று அவன் காதருகே கேட்டாள்.

“மேல இழுக்குது தேவான. யாரோ பேர் சொல்லிக் கூப்புட்ற மாரியே கீது.”

“யாரு கூப்புடுறா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பந்து அதே இடத்தில் நின்றது. காக்கைகள்கூட அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போயின.

அன்றிலிருந்து அவளுக்கு வாழ்க்கையில் ஒரே வேலைதான்: அசோகனைக் கீழே பிடித்துவைப்பது. அம்மிக்கல்லை மடியில் வைத்தாள். கல்லோடு சேர்ந்து எழுந்தான். தண்ணீர் நிரம்பிய டிரம்மோடு கட்டினாள். டிரம் ஆடியது, தண்ணீர் சிந்தியது, அவன் நின்றபாடில்லை. ரகுபதி தோளில் ஏறி உட்கார்ந்தான். இருவருமாக மின்விசிறி வரை போய் வந்தார்கள். கடைசியில் தற்செயலாகத்தான் தெரிந்தது. ரேஷனில் நிவாரணமாகக் கொடுத்த அரிசிப் பையை அவன் தூக்கி வந்தான். தூக்கி வந்த வழியெல்லாம் செருப்பு தரையில் தேய்ந்தது, அந்தச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. பையைக் கீழே வைத்ததும் மறுபடி எழும்பினான். ஸ்ரீரங்கன் வீட்டிலிருந்து நல்ல பொன்னி அரிசி கொடுத்தனுப்பினார். அது ஒரு மாற்றமும் செய்யவில்லை. அரசு கொடுத்த, கொஞ்சம் மக்கிய வாசம் அடிக்கும், கல் பொறுக்க வேண்டிய இலவச அரிசிக்கு மட்டும்தான் அவனைத் தரையில் நிறுத்தும் கனம் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பழைய புடவையைக் கிழித்து இரண்டு பை தைத்து, ரேஷன் அரிசியை நிரப்பி, அவன் கணுக்காலில் கட்டிவிட்டாள். அவன் நடந்தான். மகள் மணிமொழி கைதட்டினாள்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. அவனைப் பிடித்து வைத்திருப்பதும் அந்த அரிசிதான், உலையில் போட வேண்டியதும் அந்த அரிசிதான். ஒரு ஆழாக்கு எடுத்து வடித்தால் அன்று முழுக்க அவன் குதிகால் தரையில் படாது. மாதம் பிறந்து அடுத்த அரிசி வரும்வரை தேவானை இரண்டுக்கும் நடுவில் அளந்து அளந்து ஓட்டினாள். மற்றவர்களுக்குப் பசி ஒரு பயம். அவளுக்குச் சோறு வடிப்பதே பயமாக இருந்தது.

பந்து பற்றிய செய்தி வெளியே போய் அதிகாரிகள் வந்தார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள், இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். விளையாட்டைக் கவனிக்கும் துறைக்காரர், நகராத பந்தை விளையாட்டில் சேர்க்க விதி இல்லை என்று வருத்தப்பட்டார். சுற்றுலாத் துறைக்காரர், பார்க்க வேண்டிய பொருள்தான், ஆனால் பார்க்க வருவதைத்தான் தடை செய்திருக்கிறோமே என்றார். கலை பண்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்த அம்மாள் அசோகனின் கணுக்கால் பைகளைப் பார்த்துவிட்டு, நீங்கள் கரகமா, கழைக்கூத்தா, நலவாரியத்தில் பதிவு இருக்கிறதா, கலைஞர்களுக்கு உதவி வருகிறது என்று அக்கறையோடு கேட்டார். அவன் வேன் டிரைவர் என்றான். வேன் டிரைவர் என்றால் வேறு வாரியம் என்றார். அந்த வாரியத்தில் அவனுடைய முதலாளி அவனைச் சேர்த்திருக்கவில்லை. மூன்று பேருக்கும் தேவானை டீ போட்டுக் கொடுத்தாள். முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் குடிக்கவில்லை. கடைசியில் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ள கான்ஸ்டபிள் சுயம்புலிங்கத்தை மைதானத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பொழுது போகாமல் அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெயில் கொஞ்சம் தணிந்தபோது புது உத்தரவு வந்தது. மைதானங்களைத் திறக்கலாம், பார்வையாளர்கள் இருக்கக் கூடாது. டிவியில் அதைப் படித்தபோது தேவானை அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. பந்து சட்டம் தெரிந்த பந்து. யாரும் பார்க்காவிட்டால் இறங்கும். அது தரைக்கு வந்துவிட்டால் அசோகன் போய் எடுக்க வேண்டியது மேலே இல்லை; இழுப்பும் இருக்காது. அவள் பிளாக் பிளாக்காகப் போய், வீடு வீடாகக் கைகூப்பி, அன்று மாலை எல்லோரும் ஜன்னலை மூடி உள்ளே இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். சுயம்புலிங்கம் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக் கால்வாயைப் பார்த்து உட்கார்ந்தார். “நான் பாக்கல தாயி. எனக்கென்னத்துக்கு அந்தப் பாவம்” என்றார். தெரு முழுக்கக் கதவடைத்து மூச்சை அடக்கியது. அசோகனின் பாதம், அரிசி இல்லாமலேயே, மெல்ல மெல்லத் தரையில் அழுந்தியது. தேவானை அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்து அந்தக் கனத்தை உணர்ந்தாள். கல்யாணத்தன்று மெட்டி போட்டபோதுகூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

திடீரென்று அந்தப் பாதம் அவள் கையை விட்டு எழுந்தது. கீழே, தூணுக்குப் பின்னால், ரகுபதி நின்றிருந்தான். பந்தைப் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. பந்து இறங்குகிறது என்றால் ஃபீல்டர் கண்ணை எடுக்கக் கூடாது. பத்து வயதிலிருந்து அவன் உடம்பில் ஊறிப்போனது அது ஒன்றுதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் வந்து நின்றானாம், அதுவாகவே திறந்துகொண்டதாம். தென்னை மர உயரத்துக்கு வந்துவிட்ட பந்து அங்கே நின்று, மறுநாள் தொற்று கூடிவிட்டது என்று அனுமதியைத் திரும்பப் பெற்றதும் பழைய உயரத்தையும் தாண்டி ஏறிப்போனது. தேவானை தம்பியை அடிக்கவில்லை. “போடா” என்று மட்டும் சொன்னாள். அவன் அழுதுகொண்டே போய் மறுபடி பந்துக்கு நேர் கீழே நின்றான். அதற்குப் பிறகு சாப்பாடு டெலிவரி நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான் நின்றான்.

அந்த வருடக் கடைசியில் உலகம் சரியாகிவிட்டது போல ஒரு பாவனை செய்தது. கடற்கரையைத் திறந்தார்கள், சபாக்களில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் ஆட்களை உட்கார வைத்தார்கள், ஸ்ரீரங்கன் முகக்கவசம் போட்டுக்கொண்டு மிருதங்கம் வாசித்தார். மாமல்லபுரம் திறந்தது. அசோகன் அரிசிப் பைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு சீட் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு வேன் ஓட்டினான். வண்டி ஸ்பீட் பிரேக்கர்களில் ஏறி இறங்கவில்லை, தாண்டிப் போனது. டீசல் குறைவாகச் செலவாகிறது என்று முதலாளிக்குச் சந்தோஷம். கொட்டிவாக்கம் தாண்டும்போது கடல்காற்று ஒரு பக்கமாகத் தள்ளும், அவன் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொள்வான். அந்த ரெண்டு மூன்று மாதம் வீட்டில் கறி வாசனை வந்தது. தேவானை மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலில் பந்து தெரிந்துகொண்டே இருந்தது, அதுவும் இப்போது கொஞ்சம் சிவந்த மாதிரி.

சித்திரையில் மறுபடி எல்லாவற்றையும் மூடினார்கள். இந்த முறை மைக் கட்டிய ஆட்டோ வர வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தமே போதுமாயிருந்தது. சுடுகாட்டுப் புகை காலையிலும் அடங்கவில்லை. கீழ் வீட்டு அமீனா பீயின் மகனை வண்டியில் ஏற்றிப் போனார்கள், மறுநாள் அவள் வாசலில் தகரம் அடித்தார்கள். அவள் பெயரில் அப்போது ரேஷன் கார்டு இல்லை. தகரத்துக்குள்ளிருந்து அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் தேவானைக்குத் தாங்கவில்லை. தன் பானையிலிருந்து ஒரு கிண்ணம் சோற்றைத் தகரத்துக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தாள். ஒரு கிண்ணம் தினம் ஒரு கிண்ணமானது. முதலாளி வேனை விற்றுவிட்டார். மணிமொழி வளர்கிற பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டுவாள், பிறகு அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். அசோகன் அதைப் பார்த்தான்.

ஒரு மத்தியானம் அவன் மொட்டை மாடிக்குப் போகலாம் என்றான். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் தரைக்கு அரை அடி மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கணுக்காலில் தொங்கிய பைகள் பாதிக்கு மேல் காலியாகிச் சுருங்கியிருந்தன.

“அவுத்துடு தேவான.”

“அவுத்தா நீ இருக்கமாட்ட.”

“கட்டிக்கினு மட்டும்? கொயந்த பசில கீது. கீய அந்தம்மா பசில கீது. நான் சோத்த கால்ல கட்டிக்கினு உக்காந்துனு கீறேன். இது ஒரு பொயப்பா?”

அவள் பையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அடிச்சது நானு. நான்தான் எடுத்தாரணும். எவ்ளோ நாள் ஏமாத்த முடியும்? அது கீய வந்தா எல்லாம் சரியாப்பூடும்.”

“போனா வருவியா?”

“கவுறு உன் கைலதான கீது” என்றான்.

கயிறு சேர்ந்த விதத்தை இன்றைக்கும் அந்தத் தெருவில் சொல்வார்கள். வேன் கூரையில் டூரிஸ்ட்டுகளின் பெட்டிகளைக் கட்டும் நைலான் கயிறு அசோகனிடமே இருந்தது. ஸ்ரீரங்கன் தமக்குத் தெரிந்த பந்தல்காரரிடம் பேசி, கோயில் திருவிழாவும் இல்லை, கல்யாணமும் இல்லை, கச்சேரியும் இல்லை என்று சும்மா கிடந்த ஷாமியானா கயிறுகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்திலிருந்து ரகுபதி விளையாட்டு விழாவின் வடக்கயிற்றைக் கேட்டு வாங்கி வந்தான். எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கி ஒரு நுனியை மூன்றாவது மாடி ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். மறுநுனியை அசோகனின் இடுப்பில் தேவானையே கட்டினாள். பிள்ளையை ஒருமுறை தூக்கி முத்தமிட்டான். தூக்கியபோது பிள்ளைக்கும் பாதம் தரையில் இல்லை. பிறகு தேவானை குனிந்து அரிசிப் பைகளை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது வாய்விட்டே அழுதாள். அழுதுகொண்டே கயிற்றை விட்டுக்கொடுத்தாள்.

அவன் அவசரமில்லாமல் போனான், லிஃப்டில் போகிறவன் மாதிரி நிமிர்ந்து. ஜன்னல்களில் எல்லோரும் நின்றார்கள். சுயம்புலிங்கம் கீழிருந்து பார்த்துவிட்டு, காற்றாடி விடத் தடை இருக்கிறது, இதை எதில் சேர்ப்பது என்று யோசித்து, கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்று இரண்டு வீட்டிலும் வயிறு நிறையச் சோறு வடித்தார்கள். மணிமொழி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தேவானையும் சாப்பிட்டாள், சாப்பிடாமலிருந்தால் அவனை ஏமாற்றியது போலாகும் என்று நினைத்தாள்.

கொஞ்ச நாள் அவன் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். பிறகு கயிறு மட்டும் தெரிந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் தேவானை கயிற்றை இரண்டு முறை இழுப்பாள். சில நாள் உடனே மேலிருந்து ஒரு இழுப்பு வரும். சில நாள் மறுநாள்தான் வரும். மழைக்காலத்தில் ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் அவள் ஜன்னலடியிலேயே கிடந்தாள். ஒரு காலையில் கம்பி கிறீச்சிட்ட சத்தத்தில் எழுந்து, கயிற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

அடுத்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய நாளில், எல்லாக் கட்டுப்பாடுகளும் இன்றோடு விலக்கிக்கொள்ளப்படுகின்றன என்று அறிவித்தார்கள். விளையாட்டு, சுற்றுலா, கலை நிகழ்ச்சி, எல்லாம் பழையபடி, பார்வையாளர்களும் உண்டு. ஆறு மணிக்கு முன்னாலேயே கால்வாயின் இரண்டு கரையிலிருந்தும் ஜனம் மைதானத்துக்கு வந்துவிட்டது. ஸ்ரீரங்கன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் தம் இடத்தில் நின்றார். ரகுபதி பந்துக்குக் கீழே நின்றான். அப்போதுதான் தேவானைக்கு உறைத்தது. ரகுபதி பிடித்துவிட்டால் அசோகன் அவுட். அவுட் ஆனவன் மைதானத்தை விட்டுப் போய்விட வேண்டும். அப்புறம் அந்தக் கயிற்றின் நுனியில் யார் இருப்பார்கள்? மூன்று மாடியும் உருண்டு புரண்டு இறங்கி ஓடினாள்.

“வுட்றா ரகு! தரைல வுட்றா! உன் கால்ல வுயறேன், புடிக்காத!”

அவன் தலையாட்டினான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆறு மணிக்குப் பந்து வந்தது. வந்த வேகத்தில் கூட்டம் மொத்தமும் பழக்கதோஷத்தில் “புடி!” என்று அலறியது. ரகுபதியின் கைகளை அவனாலேயே நிறுத்த முடியவில்லை. இடது பக்கம் நான்கு எட்டு ஓடி, பாய்ந்து விழுந்து, ஒற்றைக் கையால் பிடித்தான். எழுந்து உட்கார்ந்து, கையில் இருந்ததைப் பார்த்தான். பந்து நனைந்து, சில்லென்று இருந்தது. எல்லோரும் அம்பயரைப் பார்த்தார்கள். தேவானை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ரீரங்கன் பந்து வந்த திசையைப் பார்த்தார். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து மேலே போகும் கயிற்றைப் பார்த்தார். அவசரப்படாமல் நடந்து வந்து ரகுபதியின் கையிலிருந்து பந்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நீ நின்ன இடத்துக்கு நேரா வந்துதா இது?”

“இல்ல சார். வளைஞ்சு லெப்ட்ல போச்சு.”

“நேரா மேலே போன பந்து எதுக்கு வளையணும்? தோள் நழுவினதிலேர்ந்து பக்கவாட்டுல எறியறவன் இந்த கிரவுண்ட்ல ஒருத்தன்தான் இருக்கான். அவன் எறிஞ்சா இப்படித்தான் இடது பக்கம் வளைஞ்சுண்டு வரும். இது அடிச்ச பந்து இல்லே, எறிஞ்ச பந்து. அசோகன் போய் எடுத்துட்டான்.” அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கச்சேரியில் முத்தாய்ப்பு வைக்கிற மாதிரி அழுத்தி இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். “நாட் அவுட்.”

தேவானை ஓடிப்போய் மாடியேறிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். அந்தக் கணமே பதில் வந்தது, ஜன்னல் கம்பி வளைகிற அளவுக்கு. எடுத்தவன் இறங்கி வந்துவிடுவான் என்று அன்று எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்த நாளும் காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. கயிறும் தளரவில்லை; பந்து இறங்கிய பிறகும் மேலே இழுப்பது விடவில்லை, தெருவே சேர்ந்து கயிற்றை இழுத்தும் ஒரு முழம்கூட இறங்கவில்லை. அவனைத் தரையில் நிறுத்தும் அரிசி கீழே இருந்தது, அவன் மேலே இருந்தான். அனுப்ப வழி தேடிக் கயிற்றில் ஒரு பை கட்டிப் பார்த்தார்கள், பை ஏறவில்லை.

மைதானத்தில் மறுபடி ஆட்டம் நடக்கிறது. அசோகனின் மட்டை ஒரு முனையில் ஸ்டம்பில் சாய்ந்து நிற்கிறது, மறுமுனையில் மற்றவர்கள் மாறி மாறி ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்து ஸ்கோர் சொல்லும்போது “அசோகன் நாட் அவுட்” என்று சேர்த்துச் சொல்வதை யாரும் விட்டதில்லை. தேவானை தரமணிக்கு வேலைக்குப் போகிறாள். கயிற்றின் கீழ்ப் பகுதியில் மணிமொழியின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. மாலையில் இரண்டு இழுப்பு, மேலிருந்து ஒரு இழுப்பு. அவ்வளவுதான் குடும்பம், அதிலும் சண்டை உண்டு, சில நாள் அவள் வேண்டுமென்றே ஒரு முறைதான் இழுப்பாள். அபார்ட்மென்ட்காரர்கள்கூட இப்போது கயிற்றைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். எந்த நாட்டிலோ புது வியாதி என்று டிவியில் வருவதற்கு முன்பே அந்தக் கயிறு விறைத்துக்கொள்ளும். மேலே இருப்பவனுக்கு நமக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது.

போன வாரம் காற்றே இல்லாத ஒரு காலையில் ஜன்னல் கம்பி கிறீச்சிட்டது. தேவானை அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கயிற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். மிருதங்க வார் மாதிரி இறுகியிருந்தது. தெருவில் இரண்டு மூன்று ஜன்னல்கள் திறந்தன. அவள் காயப்போட்டிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு, ரேஷன் கடை திறந்தாயிற்றா என்று பார்க்கப் போனாள். அமீனா பீயும் தன் பையோடு பின்னாலேயே வந்தாள்.